பத்திரம்

எங்கள் நகரில் மொத்தம் 62 வீடுகள். காவிரிப் படுகையில் ஒரு சிறிய ஊரின் ஓரத்தில், வயலாக இருந்த இடத்தை மனை போட்டு விற்றபோது வாங்கிக் குடிவந்தவர்கள் நாங்கள். ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெற்றோர்கள், என்னைப் போல இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் சிலர். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்களிடம் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வோம்: "ரொம்ப சேஃப்பான ஏரியாங்க. ஒரு பிரச்சினையும் கிடையாது."

நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்த வாக்கியத்தை இப்போது என்னால் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திருட்டுப் பயத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் தெருப் பாட்டி அதிகாலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, பைக்கில் வந்த இருவர் அவர் கழுத்திலிருந்த தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். போனது ஐந்து பவுன் மட்டும் இல்லை. கழுத்தைச் சுற்றிக் காயம். கீழே விழுந்ததில் மணிக்கட்டில் முறிவு. இன்றைக்கும் மருமகள் பக்கத்தில் வந்து நின்றால்தான் அவர் வாசலில் குனிகிறார். தன் வாசலிலேயே குனியப் பயப்படுவது என்பது சின்ன இழப்பா?

அதன் பிறகுதான் நலச் சங்கம் கூடி, வீட்டுக்கு 3,000 ரூபாய் வசூலித்து, எட்டு இடங்களில் கேமரா வைத்தது. நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அதனால் சங்கத்தின் கணக்கையும் ஆண்டறிக்கையையும் எழுதும் வேலை என்னிடம் வந்தது. அறிக்கையில் 'பாதுகாப்பு' என்று ஒரு தலைப்பு உண்டு. அதன் கீழே திருட்டு, சங்கிலிப் பறிப்பு, வாகனத் திருட்டு என்று மூன்று வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண்.

ஒரு நாள் காலையில் இரண்டாம் தெருவில் ஒரு பைக்கைக் காணவில்லை. செயலாளர் வீட்டுக் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே முந்தைய இரவின் பதிவைப் பார்த்தோம். நள்ளிரவு வரை நாய்களும் பூனைகளும்தான். 1.40-க்கு ஒரு வீட்டின் கதவு திறந்தது. ஒரு பெண் வெளியே வந்தாள். வந்தாள் என்று எழுதுவது சரியில்லை. பின்னாலிருந்து ஒரு கை தள்ளியது திரையில் தெரிந்தது. நைட்டி, காலில் செருப்பில்லை. கதவு சாத்தப்பட்டது. அவள் திரும்பிக் கதவைத் தட்டினாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு வாசல் படியில் உட்கார்ந்தாள்.

யாரோ "என்னங்க இது?" என்றார்கள். செயலாளர் சொன்னார்: "அது அவங்க குடும்ப விஷயம். நாம பைக்கைத் தேடுவோம்."

பதிவை வேகமாக ஓட்டினார். ஓட்டிய வேகத்தில் நாய் ஒன்று ஓடிவந்து அவளுக்குப் பக்கத்தில் படுத்தது. அவள் முழங்காலில் தலையை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். 3.55-க்குக் கதவு திறந்தது, உள்ளே போனாள். இரண்டேகால் மணி நேரம் எங்கள் முன்னால் சில நிமிடங்களில் ஓடி முடிந்தது. 4.10-க்கு இரண்டு பையன்கள் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார்கள். "மாட்டிக்கிட்டானுங்க!" என்று எல்லாரும் சத்தம் போட்டோம். நானும்தான். ஒரு வாரத்தில் பைக் கிடைத்தது. அந்த ஆண்டின் அறிக்கையில், "வாகனத் திருட்டு 1, மீட்கப்பட்டது 1" என்று என் கையாலேயே எழுதினேன். அந்த இரண்டேகால் மணி நேரத்துக்கு அறிக்கையில் வரி இல்லை.

அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் ஒரே திரையில் இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்த்தோம். ஒன்றைக் குற்றம் என்றோம், மற்றதைக் குடும்பம் என்றோம். எதை வைத்துப் பிரித்தோம்?

சட்டத்தை வைத்து என்று சொல்ல முடியாது. மனைவியைக் கொடுமைப்படுத்துவது 1983 முதல் தண்டனைக்குரிய குற்றம். 498ஏ என்று எல்லாரும் அறிந்த அந்தப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 ஆகிய பிரிவுகளாக இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பெண்ணை வீட்டை விட்டுத் தள்ளிக் கதவைச் சாத்துவதை அந்தச் சட்டம் அறியும். நாங்கள்தான் அறிய மறுத்தோம்.

ஆனால் சட்டத்தின் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையின்படி, 2022-இல் பெண்களுக்கு எதிரான குற்றங்களாக நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 4,45,256. அவற்றில் மிகப் பெரிய பங்கு, 31.4 விழுக்காடு, கணவனோ அவன் உறவினர்களோ செய்த கொடுமை. இவை காவல் நிலையத்தில் வழக்காகப் பதிவானவை மட்டுமே. சமரசம் பேசி அனுப்பியவை, மனு ரசீதோடு நின்றவை, நிலையத்தின் படியையே மிதிக்காதவை இதில் இல்லை. கணவனின் வன்புணர்வு இந்தக் கணக்கில் வரவே வழியில்லை. மனைவி 18 வயது நிரம்பியவள் என்றால் அதை வன்புணர்வு என்று சொல்லக் கூடாது என்ற விதிவிலக்கைப் புதிய சட்டமும் 63-ஆம் பிரிவில் அப்படியே வைத்துக்கொண்டது. அதே புதிய சட்டம் சங்கிலிப் பறிப்பு போன்ற பறிப்புக் குற்றத்துக்கு 304 என்று தனிப் பிரிவு கொடுத்தது. கழுத்திலிருந்து சங்கிலி போனால் எழுத இடம் உண்டு. அந்தச் சங்கிலியைக் கட்டியவன் செய்கிற ஒன்றை எழுத இடம் இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வில், ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், யாரும் கேட்காத இடத்தில் உட்காரவைத்து வன்முறையைப் பற்றிக் கேட்கிறார்கள். தனிமை கிடைக்காவிட்டால் அந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. 2019-21 ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாட்டின் சராசரி 29.3. உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர். யாரிடமும் சொல்லாதவர்கள், உதவியும் தேடாதவர்கள் 77 பேர்.

ஒரு மாநிலத்தின் சராசரியை எடுத்து 62 வீடுகளின் மேல் அப்படியே வைக்கக் கூடாது. என் மாணவிகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் எச்சரிக்கை அது. ஆனால் எங்கள் 62 வீடுகளில் மட்டும் அந்த எண் பூஜ்யம் என்று நம்புவதற்கு என்னிடம் என்ன காரணம் இருந்தது? ஆண்டறிக்கை இருந்தது. அதை எழுதியது நான்.

பூஜ்யத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. எதுவும் நடக்கவில்லை என்பது ஒன்று. எதுவும் எழுதப்படவில்லை என்பது இன்னொன்று. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. இப்படி நிலையங்கள் வரும்போது வழக்குகளின் எண்ணிக்கை கூடலாம். அதைப் பார்த்து 'குற்றம் பெருகிவிட்டது' என்று பேசுவது எளிது. பெண்கள் வந்து சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்று அதைப் படிக்க முடியாதா? குற்ற எண்ணிக்கை குறைவாக இருக்கும் ஊர் பெண்கள் நிம்மதியாக இருக்கும் ஊராக இருக்கலாம். பெண்கள் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஊராகவும் இருக்கலாம். எண் மட்டும் அதைச் சொல்லாது.

தமிழில் 'பத்திரம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். வெளியே கிளம்பும் மகளிடம் "பத்திரமா போயிட்டு வா" என்கிறோம். பீரோவில் பூட்டி வைக்கும் வீட்டுப் பத்திரமும் பத்திரம்தான். முதல் பத்திரத்தைச் சொல்லிச் சொல்லி வளர்க்கப்படுகிறவர்கள் பெண்கள். இரண்டாவது பத்திரம் பெரும்பாலும் வேறு யாருடைய பெயரிலோ இருக்கும். பத்திரமாக இருக்க வேண்டியவளுக்கு வீடு பத்திரமில்லாமல் போகும்போது அவள் எங்கே போவாள்? வாசல் படி வரைக்கும் போவாள்.

நாம் பாதுகாப்பு என்று வாங்குவதெல்லாம் வெளியே பார்த்து நிற்பவை. கிரில், பூட்டு, நாய், கேமரா. ஆபத்து வெளியிலிருந்து, முகம் தெரியாதவனாக வரும் என்பது அவற்றின் நம்பிக்கை. எங்கள் நகரில் பழைய இரும்பு வாங்க வருகிறவரை நிறுத்தி ஆதார் கேட்கிறோம். பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்களை வளைவுக்கு உள்ளேயே விடுவதில்லை. கட்டட வேலைக்கு வந்த வடமாநிலப் பையன்கள் மாலையில் கடைக்கு நடந்து போனால் வாட்ஸாப்பில் படம் வந்துவிடுகிறது. பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று மக்களை முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வந்தது, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது, 1952-இல் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. சட்டத்தை நீக்கினார்கள். பார்வையை யாரும் நீக்கவில்லை.

பெண்களைப் பொறுத்தவரை இந்தப் பார்வை ஆபத்தைத் தவறான திசையில் தேடுகிறது. பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர் என்பதை ஆவணக் காப்பகமே ஆண்டுதோறும் சொல்கிறது. 2023-இல் உலகம் முழுவதும் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 85,000 பேர். அவர்களில் சுமார் 51,100 பேரைக் கொன்றவர்கள் துணைவர்களோ குடும்பத்தினரோதான் என்பது ஐக்கிய நாடுகள் அவை அமைப்புகளின் மதிப்பீடு. அந்தக் கைகள் எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. சாவி அவர்களிடமே இருந்தது.

வெளியே பார்க்க வைத்த கேமரா அதோடு நிற்கவும் இல்லை. ஒரு தகப்பனார் வந்து, தன் மகளைத் தெருமுனையில் இறக்கிவிட்ட பைக் யாருடையது என்று பார்க்க வேண்டும் என்றார். காட்டினார்கள். இன்னொருவர் தன் மனைவி டியூஷன் முடிந்து எத்தனை மணிக்குத் திரும்பினாள் என்று கேட்டார். அதையும் காட்டினார்கள். கேட்டது 'குடும்ப விஷயம்' என்று அப்போது யாரும் சொல்லவில்லை. 1.40 மணிப் பதிவை மட்டும் யாரும் கேட்டு வரவில்லை.

செயலாளர் கெட்டவர் இல்லை. கொரோனா நாட்களில் தனியாக இருந்த முதியவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தவர். பிறகு ஒருநாள் கேட்டபோது அவர் சொன்ன பதிலில் நியாயம் இல்லாமலும் இல்லை. "டீச்சர், நாளைக்கு அவங்க ஒண்ணாயிடுவாங்க. நாம கெட்டவங்களாயிடுவோம். அதோட, ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் சங்கம் மூக்கை நுழைக்கணும்னு நீங்களே விரும்புவீங்களா?"

விரும்ப மாட்டேன். இந்தக் கேள்விதான் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. தனியாக வாழும் பெண்ணின் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று ஊர் கேட்கக் கூடாது என்று வாதாடியவர்கள் நாம். சாதி மாறிக் காதலித்தவர்களின் கதவை ஊர் தட்டும்போது, 'அது அவர்கள் விருப்பம், விலகி நில்லுங்கள்' என்று சொன்னவர்கள் நாம். அப்படியிருக்க, இந்த வீட்டுக் கதவை மட்டும் தட்டு என்று எப்படிச் சொல்வது? ஊரின் கை நீள்வதை நாம் விரும்புகிற இடத்தில் மட்டும் அனுமதிக்க முடியுமா?

யோசித்ததில் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. தனிமைக்கான உரிமை ஆளுக்கு உரியது, வீட்டுக்கு உரியது இல்லை. வீட்டின் தனிமை, குடும்பத்தின் அந்தரங்கம் என்று பேசும்போது, பெரும்பாலும் சாவியைக் கையில் வைத்திருப்பவரின் உரிமையைத்தான் பேசுகிறோம். காதலித்தவர்கள் உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்கிறார்கள். அந்தத் தாழை நாம் மதிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் வீட்டில் தாழ் போட்டது அவள் இல்லை. வெளியே நிறுத்தப்பட்டவள் அவள். கதவுக்கு வெளியே, தெருவிளக்கின் கீழே, எட்டாவது கேமராவின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தபோது அது எந்தக் குடும்பத்தின் அந்தரங்கம்? எங்கள் தெருவில் ஒரு பெண் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான் விஷயம். அவளிடம் போய், "என்னம்மா வேணும்?" என்று கேட்பது யாருடைய வீட்டுக்குள்ளும் நுழைவது இல்லை. அவள் 'ஒண்ணும் வேண்டாம்' என்றால் அதோடு திரும்பிவிடலாம். அவளுடைய பதிலைக் கேட்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அவளுக்குப் பதிலாகச் சங்கமோ, ஜமாத்தோ, பஞ்சாயத்தோ, நானோ முடிவெடுப்பதும் இன்னொரு தாழ்தான்.

அவளிடம் போவதற்கு எனக்கு இரண்டு வாரம் ஆனது. கறிவேப்பிலை கேட்பதுபோலப் போனேன். (அவளுடைய சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.) சுற்றி வளைத்துப் பேச வரவில்லை. நேராகச் சொல்லிவிட்டேன்.

"கேமராவுல தெரிஞ்சுதா டீச்சர்?" என்றாள். பிறகு, "எத்தனை பேர் பார்த்தீங்க?"

"நாலு பேர்."

கறிவேப்பிலையை உருவிக்கொண்டே இருந்தாள். நான் போலீஸ், புகார் என்று ஏதோ ஆரம்பித்தேன். "இப்ப வேண்டாம் டீச்சர். பெரியவ பத்தாவது எழுதுறா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: "அன்னைக்கு நான் தட்டின சத்தத்துல எதிர்வீட்டு ஹால்ல லைட் எரிஞ்சுது. ஜன்னல் வழியா பார்த்தாங்க. நான் பார்க்கறதைப் பார்த்ததும் லைட்டை அணைச்சுட்டாங்க. வெளிய வந்து கேக்கலைன்னாலும் பரவால்ல. லைட்டை அணைக்காம இருந்திருக்கலாம்."

பதிவை வேகமாக ஓட்டியதும் அதேதான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. நாங்கள் நாலு பேரும் அன்று காலை இரண்டாவது தடவையாக அந்த விளக்கை அணைத்தோம்.

"வெளிய போனா திரும்ப உள்ள விடமாட்டாங்க. வீட்டுப் பத்திரம் மாமியார் பேர்ல இருக்கு" என்றாள். இதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது, படித்துவிட்டுப் போயிருந்தேன். 2005 சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், கூட்டாக வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தால் அந்த உரிமை கிடையாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சுருக்கியிருந்தது. 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில், அந்தத் தீர்ப்பு தவறு என்று மாற்றியது. வயதான மாமனார் மாமியாரின் நிலையையும் நீதிமன்றம் சீர்தூக்கிப் பார்க்கும் என்றாலும், 'பத்திரம் உன் பெயரில் இல்லை, வெளியே போ' என்று கழுத்தைப் பிடித்துத் தள்ள யாருக்கும் உரிமை இல்லை. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண் இரவிலும் எடுக்கும். வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்கு வராது என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது. நாங்கள் நாலு பேரும் எதற்குப் பயந்தோமோ, அந்தப் பயத்துக்குச் சட்டம் ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருந்தது.

அவள் மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் 181 என்று எழுதி, அரிசி டப்பாவுக்குள் போட்டாள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் கொண்டுபோனேன். ஒன்று, கேமராப் பதிவைக் காவல்துறை தவிர யாருக்கும், அப்பாவுக்கும் கணவனுக்கும் உட்பட, காட்டக் கூடாது. முணுமுணுப்போடு நிறைவேறியது. இரண்டு, ஆண்டறிக்கையின் 'பாதுகாப்பு' பகுதியில், பெயரோ வீட்டு எண்ணோ இல்லாமல், குடும்ப வன்முறைக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும். "மனை விலை இறங்கிடும் டீச்சர்" என்றார் ஒருவர். சிரித்தார்கள். நிறைவேறவில்லை. கூட்டம் முடிந்து செருப்பு போடும்போது ஒரு மூத்த பெண்மணி பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த நம்பர் என்னம்மா சொன்னே?" என்று கேட்டார். அவர் யாருக்காகக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

2008-இல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு 'பெல் பஜாவோ' என்று ஒரு பரப்புரை நடத்தியது. பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால் மணியை அடி, பால் இருக்கிறதா என்று கேள், அவ்வளவுதான். இப்போது எங்கள் தெருக்களில் ஐந்து பெண்கள் அப்படிப் பேசி வைத்திருக்கிறோம். சத்தம் கேட்டால் வாசல் விளக்கைப் போடுவது. இரண்டு பேராகப் போய் மணி அடித்து உறைமோர் கேட்பது. ராத்திரி ஒரு மணிக்கு யாரும் உறைமோருக்கு வர மாட்டார்கள் என்பது கதவைத் திறப்பவனுக்கும் தெரியும். தெரியட்டும். இதனால் வன்முறை நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. கதவு சாத்திய பின் என்ன நடக்கும் என்ற கவலையும் இருக்கிறது. அதனால்தான் மறுநாள் அவளிடம் தனியாகக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்றும் பேசி வைத்திருக்கிறோம்.

இந்த ஆண்டின் அறிக்கையையும் நான்தான் எழுதினேன். திருட்டு இல்லை, சங்கிலிப் பறிப்பு இல்லை, வாகனத் திருட்டு இல்லை. மூன்றும் உண்மை. அதற்குக் கீழே எழுத இன்னும் எனக்கு அனுமதி இல்லை.

வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்டால், "திருட்டுப் பயம் அவ்வளவா இல்லைங்க" என்று மட்டும் சொல்கிறேன். கூட ஒரு பெண் வந்திருந்தால், என் வீட்டு எண்ணையும் சொல்லி, எந்த நேரமும் மணி அடிக்கலாம் என்கிறேன்.